உறக்கம் யார் குற்றம்?

வகுப்பிலே உறங்கி விழும் மாணவனுக்கு நம்மவர் நெடுங்காலமாக வழங்கி வரும் பட்டப்பெயர் ஒன்றுண்டு. கும்பகர்ணன் என்பதே அது. ஆயின் அப்பெயரைச் சூட்டுவோர் அவன் கதையின் ஒரு பகுதியை மறந்து விடுகின்றனர். தவமியற்றி வரம் வேண்டி நின்ற வேளையிலே கலைமகள் அவன் நாவிலமர்ந்து சொல்லைப் புரட்டி விட்டாள் என்றும், அதனாலேயே அவனுக்கு அத்துயில் வாய்த்தது என்றும் புராணிகர் கூறுவர். அஃதாவது, அவனுடைய உறக்கம் அவன் விரும்பித் தேடிக்கொண்டதன்று. அதனை மறந்து, அவன் பெயரை மட்டும் வசைச் சொல்லாகக் கைக்கொண்டோம்.

நாமும் அப்பிழையைச் செய்தவரே. சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது உயர்தர வகுப்பிற் பதினேழு வயது மாணவன் ஒருவன் இருந்தான். கணிதத்திற் கெட்டிக்காரன், ஒழுக்கத்திற் குறை கூற இயலாதவன். எனினும் நாடோறும் பாடம் தொடங்கிக் காற்பங்கு நேரம் செல்லுமுன் அவன் தலை மேசையிற் சாய்ந்துவிடும். கண்டித்தோம், முன்வரிசையில் இருத்தினோம், முகங் கழுவி வரச் சொன்னோம். ஈற்றில் எழுந்து நிற்கச் செய்தோம். அவன் நின்றபடியே உறங்கினான். வகுப்புச் சிரித்தது. 'கும்பகர்ணா' என்று முதலில் அழைத்தவர் மாணவர் அல்லர், நாமே.

அவனிடம் விந்தையான வேறொரு வழக்கமும் இருந்தது. நண்பர் எவரேனும் நகைச்சுவையாக ஏதும் சொல்ல அவன் வாய்விட்டுச் சிரித்தால், முழங்கால்கள் மடிந்து நிலத்திற் சரிந்து விடுவான். ஒரு நிமிடம் சென்றபின் ஒன்றும் நேராதவன் போல எழுந்து நிற்பான். அதனை நடிப்பென்றே நாம் எண்ணினோம். வீட்டிலோ, அவன் இரவிலே கைப்பேசியிற் படம் பார்க்கின்றான் என்று தந்தையார் ஐயுற்றார். அவன் நள்ளிரவில் எழுந்து, அறையிலே யாரோ நிற்பதாகச் சொல்லி அலறியதைக் கேட்ட தாயார், பேய்க் கோளாறென அஞ்சிக் கோயிலில் நூல் கட்டுவித்தார். அவனுக்குப் போதைப் பழக்கம் உண்டென்ற கதையும் ஊரிற் பரவியது.

முடிவில் அவனைக் கொழும்புக்கு அழைத்துச் செல்லுமாறு பணித்தவர், காய்ச்சலுக்கு மருந்தெடுக்கச் சென்ற இடத்திலே அவன் சிரித்து விழுந்ததைக் கண்ணுற்ற ஓர் இளம் வைத்தியர். நரம்பியல் நிபுணர் அவனை ஆராய்ந்து நோயின் பெயரைச் சொன்னார்: நார்கொலெப்சி. தமிழில் அதனைத் துயில் மயக்க நோய் எனலாம். அந்நோய் பிறக்கும் இடம் மூளையின் அடியிலே உள்ள மிகச் சிறியதொரு பகுதி என்பதை அன்றுதான் அறிந்தோம். அன்று தொட்டு நாம் தேடிப் படித்தவற்றுட் சிலவற்றை, பெற்றோருக்கும் மாணவருக்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால் ஈண்டு எழுதுகின்றோம்.

வாதுமைக் கொட்டையளவு அரசு

மனித மூளையின் நிறை ஏறத்தாழ 1,300 கிராம் முதல் 1,400 கிராம் வரை ஆகும். அதன் நடுவிலே, அடிப்பாகத்தில், கபச்சுரப்பிக்குச் சற்று மேலே அமைந்திருப்பது ஐப்போதலமசு என்னும் உறுப்பு. நம் நாட்டுப் பாடநூல்கள் அதனைப் பரிவகக்கீழ் என்று வழங்குகின்றன. அதன் நிறை ஏறத்தாழ 4 கிராம். பருமன் ஒரு வாதுமைக் கொட்டையளவே. எனினும் உடலாகிய நாட்டை ஆளும் பணியிற் பெரும் பங்கு அதனுடையது.

வெயிலில் நாம் வியர்ப்பதும் குளிரில் நடுங்குவதும் அதன் ஆணையினாலேயே. பசியையும் தாகத்தையும் எழுப்புவதும் தணிப்பதும் அதுவே. கபச்சுரப்பிக்குக் கட்டளையிட்டு, வளர்ச்சிக்கும் பூப்புக்கும் மகப்பேற்றுக்கும் வேண்டிய ஓமோன்களைச் சுரக்கச் செய்வதும் அதுவே. இக்கட்டளைகளைச் சுமந்து செல்லும் நுண்பொருள்களைக் கண்டறிந்தமைக்காக ரொஜர் கியமின், அன்ட்ரூ ஷாலி என்னும் அறிஞர் இருவர் 1977ஆம் ஆண்டு நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். சினம், அச்சம் ஆகியவற்றுக்கும் இப்பகுதிக்கும் தொடர்புண்டு என்பதைச் சுவிற்சர்லாந்து அறிஞர் வோல்ட்டர் ஹெஸ் பூனைகளின் மூளையிலே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்திக் காட்டினார். ஓரிடத்தைத் தூண்டினால் அமைதியாயிருந்த பூனை மயிர் சிலிர்த்துச் சீறும். வேறோரிடத்தைத் தூண்டினாற் சுருண்டு படுத்து உறங்கும். அவருக்கும் 1949இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆயின் உறக்கத்தின் இருப்பிடத்தை முதன்முதற் சுட்டியவர் ஹெஸ் அல்லர். அப்பெருமை வியன்னா நகர வைத்தியர் ஒருவரைச் சாரும்.

வியன்னாவில் உறங்கியவர்கள்

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916–17ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிலே விளங்காத நோய் ஒன்றுடன் மக்கள் வைத்தியசாலைக்கு வரத் தொடங்கினர். அவர்கள் இரவும் பகலும் உறங்கினர். உலுக்கி எழுப்பினாற் கண் விழித்து, கேட்ட வினாவுக்கு விடை கூறி, மறுகணமே மீண்டும் உறங்கினர். உண்ணும்போதே, வாயில் உணவிருக்கவே உறங்கினோரும் உளர். இந்நோயை ஆராய்ந்தவர் கொன்ஸ்தந்தின் வொன் எக்கொனோமோ. கிரேக்க வழிவந்த குடும்பத்திற் பிறந்த இவர் மருத்துவர் மட்டுமல்லர், விமானமோட்டுவதிலும் வல்லவர், ஒஸ்திரிய விமானக் கழகத்தின் தலைவராகவும் விளங்கியவர்.

1917இல் அவர் இந்நோயை விரித்துரைத்து, அதற்கு உறக்க மூளையழற்சி என்னும் பொருள்பட இலத்தீன் மொழியிற் பெயரிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் அது உலகின் பல நாடுகளிற் பரவி இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. பின்னர் வந்தவாறே மறைந்தது. அதனை விளைத்த கிருமி யாது என்பது இன்றளவும் துணியப்படவில்லை.

எக்கொனோமோ கண்ட நோயாளர் யாவரும் உறங்கியோர் அல்லர். சிலர் இதற்கு நேர்மாறாக, கண்ணிமை பொருந்தாது வாடினர். இரு வகையினரிலும் இறந்தோரின் மூளைகளை அவர் நுணுக்கமாக ஆராய்ந்தார். ஓயாது உறங்கியோரின் மூளையிலே பரிவகக்கீழின் பின்பகுதியும் அதனை அடுத்துள்ள நடுமூளையின் மேற்பகுதியும் பழுதுற்றிருந்தன. உறக்கமின்றித் தவித்தோரிடத்தே பரிவகக்கீழின் முன்பகுதி பழுதுற்றிருந்தது. இதிலிருந்து அவர் ஓர் அரிய முடிவுக்கு வந்தார். முன்பகுதியில் நம்மை உறங்கச் செய்யும் நிலையம் ஒன்றுண்டு. பின்பகுதியில் விழித்திருக்கச் செய்யும் நிலையம் ஒன்றுண்டு. உறக்கமென்பது விளக்கெண்ணெய் தீர்ந்து திரி அணைவது போன்ற வெறுமையன்று. மூளை முயன்று செய்யும் தொழில்களுள் ஒன்று என்பதே அம்முடிவின் பொருள்.

அதற்கு முன்பே, 1880ஆம் ஆண்டிலே, பிரான்சிய வைத்தியர் ஜெலினோ என்பவர் நார்கொலெப்சி என்னும் பெயரை ஆக்கியிருந்தார். அவரிடம் வந்த நோயாளி வைன் பீப்பாய் விற்கும் வணிகர். ஒரு நாளில் இருநூறு முறை வரையில் அவரை உறக்கம் மேற்கொண்டது. சிரித்தாற் கால்கள் தளர்ந்தன. இந்நோயின் வேரும் பரிவகக்கீழின் பின்பகுதியிலேயே இருத்தல் வேண்டும் என எக்கொனோமோ ஊகித்துரைத்தார். அவர் 1931இற் காலமானார். அவ்வூகம் மெய்யென நிலைபெற அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

நாயும் எலியும் சொன்ன விடை

1998ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் பணியாற்றிய இரு குழுவினர், ஒருவரையொருவர் அறியாது, பரிவகக்கீழிலே மட்டும் உண்டாகும் ஒரு பொருளைக் கண்டனர். ஒரு குழுவினர் அதனை ஹைப்போகிறீற்றின் என்றனர். ஜப்பானிய அறிஞர் மசாஷி யனகிசாவாவின் குழுவினரோ அது பசியைத் தூண்டுவதெனக் கருதி, பசி வேட்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஓரெக்சின் எனப் பெயரிட்டனர்.

ஓரெக்சின் இல்லாத சுண்டெலிகளை யனகிசாவா குழுவினர் உண்டாக்கினர். பகலில் அவற்றிடம் பெரிய மாறுதல் எதுவும் தோன்றவில்லை. ஆயின் எலி இரவிலே நடமாடும் பிராணியன்றோ? இருளிலும் படம்பிடிக்கும் கருவியால் அவற்றை நோக்கியபோது, ஓடியாடும் எலிகள் திடீரெனத் தலைகுப்புற விழுவதும் சிறிது நேரத்தில் எழுந்து ஓடுவதும் தெரிந்தன. அதே 1999ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எமானுவேல் மின்யோ என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், சுவையான உணவைக் கண்ட மகிழ்ச்சியிலே கால் தளர்ந்து விழும் டோபர்மன் நாய்களை ஆராய்ந்து, ஓரெக்சினை ஏற்கும் வாயிலை அமைக்கும் பரம்பரையலகு அவற்றிற் பழுதுற்றிருப்பதைக் கண்டனர்.

அடுத்த ஆண்டிலே மனிதரைப் பற்றிய விடையும் கிடைத்தது. இந்நோயுடன் வாழ்ந்து இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தபோது, ஓரெக்சினை ஆக்கும் நரம்புக் கலங்கள் 100க்கு 85 முதல் 95 வரை அழிந்துபோயிருந்தன. மனித மூளையிலே ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. அவற்றுள் ஓரெக்சினை ஆக்குபவை ஏறத்தாழ எழுபதினாயிரமே. இச்சிறு கூட்டம் அழிந்தால், ஒரு மனிதன் தன் விழிப்பைத் தானே காக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றான். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே இக்கலங்களைப் பகையெனத் தவறாகக் கருதி அழித்துவிடுகின்றது என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. யனகிசாவாவும் மின்யோவும் இப்பணிக்காக 2023ஆம் ஆண்டுக்குரிய பிரேக்துரூ பரிசைப் பெற்றனர்.

பேயும் பித்தும் அன்று

ஓரெக்சின் குன்றியபோது விழிப்புக்கும் கனவுக்கும் இடையேயுள்ள வேலி சாய்ந்துவிடுகின்றது. இயல்பாக நாம் உறங்கத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தின் பின்னரே கனவுத் துயில் வரும். அவ்வேளையிலே, கனவில் ஓடுவோர் படுக்கையிலிருந்து எழுந்தோடாவண்ணம் மூளை உடற்றசைகளைத் தளர்த்தி வைக்கும். இந்நோயாளரிடத்தே கனவுத் துயில் சில நிமிடங்களிலேயே வந்துவிடுகின்றது. விழித்திருக்கும் வேளையிலும் அதன் கூறுகள் நுழைகின்றன. சிரிப்பு, வியப்பு போன்ற உணர்ச்சி மிகும்போது, நினைவு தெளிவாக இருக்கவே தசைகள் மட்டும் தளர்கின்றன. எமது மாணவன் சிரித்து விழுந்தமைக்குக் காரணம் இதுவே.

உறக்கத்திலிருந்து விழிக்கும்போது கையையோ காலையோ அசைக்க இயலாமற் கிடப்பதும், அறையிலே யாரோ நிற்பது போன்ற தோற்றங்களைக் காண்பதும் இந்நோயின் பிற குறிகள். அமுக்குவான் பேய் என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய நிலையையே எனலாம். இது நோயற்றோருக்கும் எப்போதாவது வருவதுண்டு. ஆதலின் ஒருமுறை வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அடிக்கடி வந்து, பகலுறக்கமும் சேருமானால் ஆராய்தல் வேண்டும். இத்தோற்றங்களைக் கேட்டு இவர்களைச் சித்தப் பிரமை கொண்டோரென மதித்து, அதற்குரிய மருந்துகளைக் கொடுத்த செய்திகளும் மருத்துவ நூல்களிலே உண்டு. எமது மாணவனும் பின்னொரு நாள் எம்மிடம் சொன்னான்: "சேர், நித்திரை வந்ததை விட, நான் விசரனாகிறேனோ எண்டுதான் பயந்தனான்."

பரிவகக்கீழின் பிழையைப் பிள்ளையின் பிழையாகக் கருதும் வழக்கம் உறக்கத்தோடு நின்றுவிடுவதன்று. 1956இற் சுவிற்சர்லாந்து வைத்தியர்கள் விரித்துரைத்த பிராடர்–வில்லி நோயை நோக்குவோம். 15ஆம் நிறமூர்த்தத்தின் குறையால் வரும் இந்நோயிலே, வயிறு நிறைந்ததென்னும் செய்தி பரிவகக்கீழில் உரியவாறு பதிவதில்லை. பிள்ளை எவ்வளவு உண்டாலும் பசியோடேயே இருக்கும். ஒளித்து வைத்த உணவையும் தேடி எடுக்கும். அறியாதோர் அதனைப் பேராசை என்பர், திருட்டு என்பர். வேறு சில பிள்ளைகளுக்குப் பரிவகக்கீழிலே பிறவியிலிருந்தே ஒரு சிறு கட்டி இருப்பதுண்டு. அது புற்றுநோயன்று. ஆயினும் அதனால் ஒருவகை வலிப்பு வரும். கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பன்று. சிரிப்பாக வெளிப்படும் வலிப்பு. மகிழ்ச்சியேதுமின்றி, இடமும் காலமும் அறியாது அப்பிள்ளை சிரிக்கும். அடக்கமற்ற பிள்ளையென அதற்கு அடி விழுவதும் உண்டு.

மனச்சோர்வு நோயிலும் பரிவகக்கீழுக்குப் பங்குண்டு. இடர் வந்துற்றபோது அது கபச்சுரப்பியை ஏவ, கபச்சுரப்பி சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகளை ஏவ, கோட்டிசோல் என்னும் ஓமோன் குருதியிற் கலக்கின்றது. இடர் நீங்கியதும் இச்சங்கிலி ஓய்தல் வேண்டும். கடும் மனச்சோர்வுற்றோர் பலரிடத்தே அது ஓயாது இயங்குகின்றது. மனச்சோர்வுக்கு இதுவொன்றே காரணம் என்பதன்று. துயரமும் தனிமையும் வறுமையும் அதற்குக் காரணமாகலாம். எனினும் "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்னும் அறிவுரை மட்டும் போதாதென்பதற்கு இது சான்றாகும்.

உறங்குவோர் யாவரும் நோயாளரோ?

அல்லர் என்க. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்த கணிப்புகளின்படி துயில் மயக்க நோய் சில ஆயிரம் பேருள் ஒருவருக்கே வருகின்றது. ஆயின் வருவோருட் பலருக்கு அது பள்ளிப் பருவத்திலேயே தொடங்குகின்றது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் மனங்கொள்ளல் வேண்டும்.

நம் வகுப்புகளில் உறங்கும் மாணவருட் பெரும்பாலோர்க்கு வேண்டுவது மருந்தன்று, உறக்கமே. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறங்குதல் வேண்டும் என மருத்துவர் கூறுவர். பரிவகக்கீழிலே, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, உடற் கடிகாரம் ஒன்று அமைந்துள்ளது. கண்ணிற் படும் ஒளியைக் கொண்டு அது இரவு பகலை அறிகின்றது. இளம் பருவத்திலே இக்கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பிந்தி ஓடும். ஆதலின் இவ்வயதினர்க்கு முன்னிரவில் உறக்கம் வருவது அரிது. அதன்மேல், படுக்கையிற் கைப்பேசியின் ஒளியையும் கண்ணிலே காட்டினால், இன்னும் பொழுது சாயவில்லை என்றே அது எண்ணும். இவ்வாறு நள்ளிரவுக்குப் பின் உறங்கியவனை விடியுமுன் ரியூசனுக்கு எழுப்பிவிட்டு, பகலில் அவன் விழித்திருக்கவில்லையே என்று நாம் கடிந்துகொள்கின்றோம்!

போதிய நேரம் உறங்கியும் ஒருவர் பல கிழமைகளாக நாடோறும் பகலில் உறக்கத்தை அடக்க இயலாது தவித்தால், அவரை வைத்தியரிடம் காட்டுதல் கடன். குருதிச் சோகை, தைரொயிட்டுச் சுரப்பியின் குறை, மூச்சுத் தடைப்படும் குறட்டை ஆகியனவும் இதற்குக் காரணமாகலாம். சிரிக்கும்போது முழங்காலோ தாடையோ தளர்வதும் சேர்ந்திருந்தால், அதனைத் தவறாது எடுத்துரைத்தல் வேண்டும். நோயை இனங்காண அக்குறியே பெரிதும் உதவும்.

அழிந்த கலங்களை மீட்கும் மருந்து இதுவரை வரவில்லை. எனினும் விழிப்பைத் தரும் மருந்துகள் உண்டு. குறித்த நேரத்திற் காற்பங்கு மணி நேரம் கண்ணயர்வதும் நல்ல பயன் தருகின்றது. ஓரெக்சினின் வேலையைச் செய்யவல்ல புதிய மருந்துகளும் மனிதரிடத்துச் சோதித்தபோது நற்பயன் தந்துள்ளன.

வள்ளுவர் மடியின்மை என்னும் அதிகாரத்திலே துயிலையும் கெடுவோரின் இயல்புகளுள் ஒன்றாக எண்ணியிருப்பதை நாம் அறியாதவர் அல்லேம். எத்தனையோ ஆண்டுகள் அதனை வகுப்பிலே விளக்கியுமிருக்கின்றோம். அவர் கடிந்தது ஒருவன் விரும்பிக்கொள்ளும் துயிலை. தன்னை வந்து மேற்கொள்ளும் துயிலோடு போராடுபவன் சோம்பேறியல்லன். நம்மிற் பலரினும் கடுமையாக உழைப்பவன் அவன். நோயை நாடி அதன் முதலையும் நாடுமாறு பணித்தவரும் அவ்வள்ளுவரே என்பதை மறத்தலாகாது.

எமது மாணவன் மருந்துடன் மீண்டும் கல்லூரிக்கு வந்தான். மதிய இடைவேளையில் அலுவலக அறையின் மூலையிலே காற்பங்கு மணி நேரம் உறங்க அதிபர் இடமளித்தார். பரீட்சையில் இரண்டாம் முறை சித்தியெய்தினான். இன்று கணக்காளர் ஒருவரின் அலுவலகத்திற் பணிபுரிகின்றான். பெயர் குறிப்பிடாது இதனை எழுத அவனே இசைந்தான்.

அவனுடைய பழைய குறிப்புக் கொப்பி ஒன்று இன்னும் எம்மிடம் உள்ளது. ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துகள் தெளிவாகத் தொடங்கி, நடுவிலே சரிந்து, பின்னர் எழுத்தாகவே இல்லாது ஒரு கோடாக இழுபட்டுக் கிடக்கும். உறக்கம் வந்த பின்னும் எழுதுவதை நிறுத்தாத கையின் கோடு அது. பக்கந்தோறும் அக்கோட்டின் அருகே 'கவனமின்மை' என்று சிவப்பு மையால் எழுதியிருப்பது எமது கையெழுத்து.